நான்காவது சொல்

பிரான்சு நாடு என்றதும் தமிழ்க் கத்தோலிக்கரின் உள்ளத்தில் மூன்று ஊர்கள் எழும்: லூர்து, லிசியே, ஆர்ஸ். இவற்றுள் லூர்து உயர்ந்த பிரனே மலைகளின் அடிவாரத்தில் உள்ளது. சிறுமலர் தெரேசா வாழ்ந்த லிசியேயும், புனித ஜான் மரிய வியான்னி பங்குப் பணியாற்றிய ஆர்சும் அத்தகைய மலைநாட்டு ஊர்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்திருப்பது மெல்ல எழுந்து மெல்லத் தாழும் நிலம். ஒரு மேட்டில் ஏறி நின்றால் அடுத்த மேடு தெரியும்; இடையிலுள்ள பள்ளம் தெரியாது. பள்ளத்தில் ஓர் ஓடை இருக்கும், சில வீடுகள் இருக்கும், ஒரு கோவிலின் மணிக்கூண்டு மட்டும் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

பிரான்சின் வடக்கிலும் நடுவிலும் பெரும்பகுதி இத்தகைய நிலமே. சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காய்ப் படிந்த தரையைச் சேன் ஆறும், மார்ன் ஆறும், அவற்றின் துணையாறுகளும் காலமெல்லாம் அறுத்து இம்மேடு பள்ளங்களை உண்டாக்கின. கோதுமை வயல்களுக்கும், உயிர்வேலிகளுக்கும், சிறு காடுகளுக்கும் இடையே உழவர்களும் கால்நடைகளும் நடந்து நடந்து ஏற்படுத்திய பாதைகள் எண்ணற்றவை. 1947-இல் ஓர்லெயான் நகருக்கு அருகே அவற்றுள் ஒன்றுக்கு வெள்ளையும் சிவப்புமாய்க் கோடிட்டு நெடும்பயணப் பாதையென அடையாளமிட்டனர். அன்று தொடங்கிய பணி இன்று நாடெங்கும் ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்துள்ளது. நடப்பவர்களோடு ஓடுபவர்களும் இன்று அப்பாதைகளில் செல்கின்றனர்.

ஓடுபவர்கள் என்று சொன்னதும் சிலர் முகம் சுளிக்கலாம். விளையாட்டில் என்ன வரலாறு, அதில் என்ன மெய்யறிவு என்று கேட்கலாம். ஆனால் உலகமே அறிந்த விளையாட்டு முழக்கம் ஒன்றை நம் திருச்சபையின் குரு ஒருவரே தந்தார். விரைவாக, உயரமாக, வலிமையாக என்னும் மூன்று சொற்கள் அவை. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து அவற்றோடு நான்காவது சொல் ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த நான்காவது சொல்லைப் பிரான்சின் மேடு பள்ளப் பாதைகள் முன்னமே சொல்லிக்கொண்டிருந்தன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதத் தடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளி மாணவர்களிடையே ஒரு விளையாட்டு இருந்தது. இருவர் அல்லது மூவர் காகிதத் துண்டுகளைச் சிதறவிட்டபடியே வயல்வெளியில் முன்னே ஓடுவர். அவர்கள் முயல்கள். சற்று நேரம் கழித்து மற்றவர்கள் அக்காகிதத் தடத்தைப் பின்பற்றி அவர்களைத் துரத்துவர். அவர்கள் வேட்டை நாய்கள். வேலியைத் தாண்ட வேண்டும். ஓடையில் இறங்க வேண்டும். சேற்றில் கால் புதைந்தால் எடுத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும். இவ்விளையாட்டே நாளடைவில் நாட்டுப்புற ஓட்டப் பந்தயமாக வளர்ந்தது.

பிரான்சில் இதன் தொடக்கம் சற்று வேடிக்கையானது. பாரிசின் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் சேன்-லசார் தொடர்வண்டி நிலையத்தின் பெரிய கூடத்தில் ஓடிப் பழகினர். குதிரைப் பந்தயமே அன்று செல்வர்களின் பொழுதுபோக்கு. ஆகவே இவ்விளைஞர்களும் குதிரையோட்டிகளைப் போல வண்ணச் சட்டை அணிந்து, தங்கள் மீதே பந்தயம் கட்டி ஓடினர். இவர்கள் 1882-இல் அமைத்த சங்கமே ரேசிங் கிளப் தெ பிரான்சு. மறு ஆண்டில் ஸ்தாத் பிரான்சே என்னும் சங்கமும் தோன்றியது. நகரத்து மாணவர்கள் மெல்ல மெல்லப் பாரிசுக்கு மேற்கிலுள்ள காடுகளுக்கும் மேடுகளுக்கும் சென்று ஓடலாயினர்.

அம்மேடுகளிடையே வில்-தாவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அதன் குளங்களையும் மரங்களையும் ஓவியர் கொரோ பலமுறை தீட்டியிருக்கிறார். 1898 மார்ச்சு 20 அன்று அங்கே பிரான்சு அணியும் இங்கிலாந்து அணியும் எதிரெதிராக ஓடின. இரு நாடுகளுக்கிடையே நடந்த முதல் நாட்டுப்புற ஓட்டப் பந்தயம் அதுவே எனலாம். முதல் எட்டு இடங்களும் இங்கிலாந்துக்கே! பிரெஞ்சு வீரருள் ஒருவர்கூட அந்த எட்டுப் பேருக்குள் நுழைய இயலவில்லை.

இப்பந்தயத்தின் கணக்கு முறையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு மட்டும் பரிசு தந்து முடித்துவிடும் முறை அன்று இது. ஓர் அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் எத்தனையாவதாக வந்தனர் என்பதைக் கூட்டிப் பார்ப்பர். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கே வெற்றி. ஆகவே முதலில் வந்த மாவீரனின் உழைப்பை, பின்னால் மூச்சுத் திணறி வரும் தோழனே காப்பாற்றவும் கூடும், கைவிடவும் கூடும். வில்-தாவ்ரே சென்ற பிரெஞ்சு இளைஞர்கள் தோல்வியோடு இப்பாடத்தையும் பெற்றுத் திரும்பினர்.

ஆர்க்கய் பள்ளியின் கொடி

அப்பந்தயத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, பாரிசுக்குத் தெற்கிலுள்ள ஆர்க்கய் என்னும் ஊரில், புனித தொமினிக் சபையாரின் பெரிய ஆல்பர்ட் கல்லூரியை ஆண்ரி திதோன் என்னும் அருள்தந்தை தலைமையேற்று நடத்திவந்தார். இவர் 1840-இல் ஆல்ப்சு மலையடிவாரத்தில் பிறந்தவர். கிரனோபில் நகருக்கு அருகிலிருந்த சிறிய குருமடத்தில் படித்தவர். பிற்காலத்தில் பாரிசில் மறையுரையாளராகப் பெரும்புகழ் பெற்றார். அவருடைய துணிந்த பேச்சு எதிர்ப்பையும் கிளப்பியது. அதன் விளைவாக 1880-இல் கோர்சிக்காத் தீவிலுள்ள துறவு மடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மீண்டபின் அவரிடம் இளைஞர்கள் ஒப்படைக்கப்பட்டனர்.

பாடநூல்களை மட்டும் சுமந்து கூனிப்போகும் மாணவன் முழு மனிதன் ஆகமாட்டான் என்பது திதோன் அடிகளாரின் உறுதி. பியேர் தெ கூபர்த்தேன் என்னும் பெருமகன் 1891 சனவரியில் அவரைச் சந்தித்துப் பள்ளியில் விளையாட்டுச் சங்கம் அமைக்க வேண்டினார். அடிகளார் தயங்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சு 7 அன்று நடந்த மாணவர் பந்தயத்தின்போது அந்த மூன்று இலத்தீன் சொற்களைத் தம் மாணவர்க்கு முழக்கமாக அளித்தார். அவை பள்ளிக் கொடியில் இடம்பெற்றன. 1894-இல் ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கியபோது கூபர்த்தேன் அவற்றைத் தம் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். திதோன் அடிகளார் 1900-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் அச்சொற்களை மாணவர்களிடம் சொன்னார் என்பதை மறக்கலாகாது. ஓர் ஆசிரியர் மாணவனை நோக்கி "இன்னும் விரைவாக" என்று சொன்னால், நேற்றைய உன்னைவிட இன்று நீ மேம்படு என்று பொருள். அதே சொல்லை நாடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சொல்லும்போது பொருள் மாறிவிடுகிறது. உன்னைவிட நான் விரைவாக, உன்னைவிட நான் வலிமையாக என்று அது திரிகிறது. ஆர்க்கய் பள்ளியின் கொடியில் எழுதிய சொற்கள் இப்படித் திரிவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

வயல்கள் போர்க்களமான காலம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஓட்ட வீரர்கள் பழகிய அதே வகை மேடு பள்ளங்களில் பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன. மெல்லிய மேடு ஒன்றைக் கைப்பற்ற ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். எதிரியின் பார்வையிலிருந்து மறைக்கும் ஒரு சிறு சரிவு, முன்பு ஓடுபவனின் மூச்சுக்கு ஓய்வு தந்தது. இப்போது படைவீரனின் உயிருக்கு அரணாயிற்று.

மார்செய் நகரில் 1888-இல் பிறந்த ழான் புவேன் அன்று பிரான்சின் புகழ்பெற்ற ஓட்ட வீரர். 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பன்னாட்டு நாட்டுப்புற ஓட்டத்தில் தொடர்ந்து வெற்றி கண்டவர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஃபின்லாந்தின் கோலேமைனனிடம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தங்கத்தை இழந்தவர். மறு ஆண்டில் ஒரு மணி நேரத்தில் 19,021 மீட்டர் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு, 1914 செப்டம்பர் 29 அன்று, லொரேன் பகுதியின் வயல்வெளியில் போரில் உயிரிழந்தார். வயது 25.

மற்றொருவர் லிமூசேன் பகுதியில் லெ தோரா என்னும் ஊரில் 1899-இல் பிறந்த ழோசெப் கிய்மோ. போர்முனையில் நச்சுப்புகை இவருடைய நுரையீரலைத் தாக்கியது. இவர் பிழைத்ததே பெரிது என்று எண்ணியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், அதே 5,000 மீட்டர் ஓட்டத்தில், பின்னாளில் உலகை வியக்க வைத்த பாவோ நுர்மியை இவர் வென்றார். மனிதன் மனிதனுக்கு ஊட்டிய நஞ்சைத் தாங்கிய நெஞ்சு அது.

இவ்விருவரின் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது நம் உள்ளம் கேட்கிறது: விரைவும் வலிமையும் மட்டுமே மனிதரின் இலக்கானால் அவை எங்கே போய் முடியும்? பந்தயத்திலும் முடியலாம்; படுகொலையிலும் முடியலாம். அவற்றை நெறிப்படுத்த இன்னொரு சொல் தேவைப்படுகிறது.

பன்னிரண்டாவதாக வந்தவர்

1924-இல் ஒலிம்பிக் விழா பாரிசுக்கு வந்தது. ஜூலை 12 அன்று, கொலோம்ப் விளையாட்டரங்கிலிருந்து புறப்பட்டுச் சேன் ஆற்றோரம் சென்று திரும்பும் நாட்டுப்புற ஓட்டம் நடந்தது. ஏறத்தாழ 10,650 மீட்டர் தொலைவு. அன்று பாரிசில் தாங்கொணா வெயில். பாதையில் நிழல் இல்லை. புல்லும் புதரும் மண்டிய தரை. 38 பேர் புறப்பட்டனர். 15 பேர் மட்டுமே ஓட்டத்தை முடித்தனர். மயங்கி விழுந்தவர்களைத் தேடி எடுத்துவர வேண்டியதாயிற்று. இக்காட்சியைக் கண்டு அஞ்சியவர்கள் அதற்குப்பின் நாட்டுப்புற ஓட்டத்தை ஒலிம்பிக் போட்டிகளிலிருந்தே நீக்கிவிட்டனர்.

நுர்மி எவ்விதச் சோர்வும் காட்டாமல் முதலில் வந்தார். அவருடைய நாட்டவரான ரிட்டோலா இரண்டாவதாக வந்தார். ஆனால் அணிப் பதக்கத்துக்கு மூவர் வேண்டும். மூன்றாமவர் எங்கே? ஹெய்க்கி லீமட்டைனன் என்னும் அந்த மூன்றாம் ஃபின்லாந்துக்காரர் நெடுநேரம் கழித்து அரங்கினுள் தள்ளாடி வந்தார். கோட்டுக்குச் சற்றுத் தொலைவிலேயே நின்றுவிட்டார். தாம் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் புலப்படவில்லை. வந்த வழியே திரும்பவும் முற்பட்டார். கூட்டம் கூவியது. மெல்லத் தன்னுணர்வு பெற்று, நடந்தே வந்து கோட்டைக் கடந்தார். அவர் பன்னிரண்டாவது. அவர் வந்ததால்தான் ஃபின்லாந்து அணிக்குத் தங்கம் கிடைத்தது. உலகின் தலைசிறந்த ஓட்ட வீரரின் இரண்டாவது பதக்கம், நிற்கவும் முடியாத ஒரு தோழனின் கால்களில் தங்கியிருந்தது!

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் ஒன்பதாம் அதிகாரத்தில் பந்தயத் திடலை உவமையாக்குகிறார். பலர் ஓடினும் பரிசு பெறுபவர் ஒருவரே என்கிறார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு கிறிஸ்தவ வாழ்வையே தனிமனிதப் போட்டியாக்கிப் பேசுவோர் உண்டு. ஆனால் அதே மடலை மேலும் மூன்று அதிகாரங்கள் படித்தால், உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று அவர் விளக்குவதைக் காணலாம். வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று அவர் அங்கே கற்பிக்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தைப் பன்னிரண்டாம் அதிகாரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். பன்னிரண்டாவதாக வந்த லீமட்டைனன் இதற்கு நல்ல விளக்கவுரை.

அல்ஜீரியாவின் இரு மைந்தர்கள்

அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் மாரத்தான் ஓட்டம். கொலோம்பிலிருந்து வடமேற்கே போந்துவாஸ் நகர் வரை சென்று திரும்பும் பாதை. அதில் பிரான்சின் சார்பில் ஓடி ஏழாவதாக வந்தவர் புகெரா எல் வாஃபி. அல்ஜீரியாவில் 1898-இல் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர். பின்பு பாரிசின் எல்லையிலுள்ள பியாங்கூரில் ரெனோ மகிழுந்து ஆலையில் தொழிலாளி. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1928-இல் ஆம்ஸ்டர்டாமில், இவர் மாரத்தானில் தங்கம் வென்றார். ஆயினும் அமெரிக்காவில் பணம் பெற்று ஓடினார் என்பதற்காக இவருடைய போட்டி உரிமை பறிக்கப்பட்டது. பிரான்சு இவரை மறந்தது. வறுமை மட்டும் இவரை மறக்கவில்லை.

இவருக்குப்பின் வந்தவர் அலேன் மிமூன். 1921 சனவரி 1 அன்று அல்ஜீரியாவில் அலி மிமூன் என்ற பெயரோடு பிறந்தார். ஏழைக் குடும்பம். பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1940-இல் பிரான்சு வீழ்ந்தபின் அவருடைய படைப்பிரிவு பூர்-கான்-பிரேஸ் நகரில் தங்கியது. அங்கேதான் அவர் ஓட்டப் பந்தயங்களில் ஈடுபடத் தொடங்கினார். அந்நகர் புனித வியான்னியின் ஆர்ஸ் ஊர் அமைந்துள்ள அதே மாவட்டத்தின் தலைநகர் என்பதை நம் வாசகர்கள் விருப்பத்தோடு குறித்துக்கொள்வர்.

1944-இல் இத்தாலியின் மோந்தே கசினோ போரில் வெடிகுண்டுச் சிதறல் அவருடைய இடது காலைச் சிதைத்தது. காலை வெட்டி எடுக்கவேண்டும் என்றே முதலில் கருதினர். பிரெஞ்சு மருத்துவர்கள் அதைக் காப்பாற்றினர். போர் முடிந்தது. காலில் தழும்பு, கையில் வேலை இல்லை. ரேசிங் கிளப் தெ பிரான்சின் உணவகத்தில் பரிமாறும் பணியாளராகச் சேர்ந்தார். செல்வ மாணவர்கள் குதிரையோட்டிச் சட்டை அணிந்து தொடங்கினார்களே, அதே சங்கம்! அங்கே தட்டு ஏந்தியவர் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அதன்பின் அவர் வாழ்வில் ஒரு பெயர் நிழலாய்த் தொடர்ந்தது: செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். 1948-இல் 10,000 மீட்டரில் அவர் முதல், மிமூன் இரண்டாவது. 1952-இல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் அவரே முதல், மிமூன் இரண்டாவது. ஆனால் வயல்வெளியில் கதை வேறு. 1949, 1952, 1954, 1956 என நான்கு முறை பன்னாட்டு நாட்டுப்புற ஓட்டத்தில் மிமூன் முதலில் வந்தார். சமதளத்தில் ஓடுபவன் ஒரே வேகத்தைப் பற்றிக்கொண்டு ஓடலாம். மேடு பள்ளத்தில் அது இயலாது. ஏறும்போது காலடியைக் குறுக்கி மூச்சைச் சேமிக்க வேண்டும்; இறங்கும்போது தொடைகள் துன்புறாதபடி தன்னைத் தளர்த்திவிட வேண்டும்; உச்சியில் களைப்பைக் காரணம் காட்டி நிற்காமல் சரிவுக்குள் நுழைந்துவிட வேண்டும். வேகத்தைவிட விடாமுயற்சிக்கே அங்கு மதிப்பு. அடிபட்டுப் பழகிய மிமூனுக்கு அது கைவந்தது.

1950-களின் நடுவில் கடுமையான நரம்பு வலி அவரை முடக்கியது. அவர் லிசியே சென்று சிறுமலர் தெரேசாவின் பேராலயத்தில் மன்றாடினார். தம் நலத்தை அவ்வேண்டுதலின் பயனாகவே அவர் கருதினார். திருமுழுக்குப் பெற்று வாழ்நாள் முழுவதும் தெரேசாவின் பக்தராயிருந்தார். இதை நாம் மகிழ்வோடு ஏற்கிறோம். ஆயினும் இதை வெற்றிமுரசாகக் கொட்டி மற்றவர் சமயத்தைத் தாழ்த்திப் பேசுவது தெரேசாவின் சிறிய வழிக்கு ஒவ்வாது. மிமூனே அப்படிச் செய்யவில்லை என்பதைக் கீழ்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

1956 டிசம்பர் 1. மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மாரத்தான். மிமூனுக்கு வயது 35. அத்தொலைவை அவர் ஓடுவது அதுவே முதல் முறை. வெயிலில் மற்றவர்கள் தளர, அவர் 2 மணி 25 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவரோ கோட்டைக் கடந்தபின் அரங்கை விட்டு அகலாமல் வாயிலை நோக்கியபடி நின்றார். அவர் காத்திருந்தது சாட்டோபெக்குக்காக. குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன நிலையில் ஓடிய சாட்டோபெக் ஆறாவதாக, முற்றும் களைத்து வந்து சேர்ந்தார். மிமூன் அவரை அணுகித் தாம் வென்ற செய்தியைச் சொன்னார். சாட்டோபெக் தம் தொப்பியைக் கழற்றி, படைவீரரைப் போல வணக்கம் செலுத்தி, அவரை ஆரத்தழுவினார். அந்தத் தழுவலைப் பதக்கத்தைவிட மேலானதாகவே மிமூன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

உயிர்ப்பு நாள் காலையில் கல்லறையை நோக்கி ஓடிய இரு சீடர்களை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. இளையவர் விரைந்து ஓடி முதலில் சேர்ந்தார். ஆயினும் உள்ளே நுழையவில்லை. பேதுரு வரும்வரை வாயிலில் காத்து நின்றார். விரைவாக ஓடுவது கால்களின் ஆற்றல். காத்து நிற்பது அன்பின் ஆற்றல். யோவான் நற்செய்தி இவ்விரண்டையும் ஒரே காட்சியில் வைத்துக் காட்டுகிறது.

மிமூன் காத்திருந்தது சாட்டோபெக்குக்காக மட்டுமன்று. வெற்றி வீரராகப் பிரான்சு திரும்பியபின், மறக்கப்பட்டுக் கிடந்த எல் வாஃபியைத் தேடிக் கண்டார். குடியரசுத் தலைவர் ரெனே கோத்தியின் மாளிகையில் நடந்த வரவேற்புக்கு அவரும் அழைக்கப்படச் செய்தார். அப்போது அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சுக்காக ஓடிய, பிரான்சால் மறக்கப்பட்ட ஓர் அல்ஜீரியத் தொழிலாளியின் கையைப் பிடித்து மாளிகைப் படியேற்றுவது எளிய செயலன்று. ஆனால் ஒருநாள் விருந்து ஒரு வாழ்வைத் திருப்பித் தந்துவிடுமா? 1959 அக்டோபர் 18 அன்று எல் வாஃபி பாரிசின் புறநகரான சேன்-தெனியில் கொல்லப்பட்டார். அடிமைப்பட்ட நாடுகளின் மைந்தர்களைப் போருக்கும் பந்தயத்துக்கும் அழைத்த ஆட்சி, அவர்கள் களைத்தபோது காத்து நிற்கவில்லை. வரலாற்றின் இந்தக் கணக்கை மிமூனின் பதக்கங்களைக் காட்டித் தீர்த்துவிட முடியாது.

மிமூன் தம் பெயரையும் உழைப்பையும் லிமூசேன் மேட்டுநிலத்திலுள்ள புஜா என்னும் சிற்றூருக்குக் கொடுத்தார். சுனைகளும், காடுகளும், மெல்லிய மேடுகளும் நிறைந்த அவ்வூரில் ஓட்ட வீரர் பயிற்சி பெறும் மையம் ஒன்று உருவாக அவரே காரணர். 2013 ஜூன் 27 அன்று, 92 வயதில், அவர் இறைவனில் துயில்கொண்டார். பாரிசில் படைவீரர் மாளிகையான அன்வலிதில் நாடு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தியது. அவர் உடல் புஜாவில் அடக்கம் செய்யப்பட்டது.

சேர்க்கப்பட்ட சொல்

2021 ஜூலையில், கொள்ளைநோய் உலகை உலுக்கியிருந்த வேளையில், பன்னாட்டு ஒலிம்பிக் குழு திதோன் அடிகளாரின் மூன்று சொற்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: இணைந்து. பிறரைத் தொடவும் அஞ்சி வாழ்ந்த மாதங்களில்தான் மனிதகுலத்துக்கு இச்சொல்லின் தேவை புரிந்தது போலும்!

மூன்று ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் விழா மீண்டும் பாரிசுக்கு வந்தது. 2024-இன் மாரத்தான் பாதையை அமைத்தவர்கள் சமதளச் சாலையைத் தேர்ந்துகொள்ளவில்லை. 1789 அக்டோபர் 5 அன்று, உண்ண ரொட்டியின்றித் தவித்த பாரிசுப் பெண்கள் மழையில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்து சென்று மன்னனிடம் நீதி கேட்டனர். அந்த நடைபயணத்தின் நினைவாகப் பாரிசிலிருந்து வெர்சாய் சென்று மீளும் பாதை வகுக்கப்பட்டது. மொத்த ஏற்றம் 436 மீட்டர். ஒலிம்பிக் மாரத்தான்களில் இது மிகக் கடினமான பாதைகளுள் ஒன்று.

அப்பாதை செல்லும் ஊர்களைக் கவனியுங்கள். எல் வாஃபி உழைத்த ஆலை இருந்த பூலோன்-பியாங்கூர் வழியே அது செல்கிறது. 1898-இல் பிரெஞ்சு இளைஞர்கள் தோற்றுக் கற்ற வில்-தாவ்ரே வழியே மேடேறுகிறது. வெர்சாய் சென்று திரும்பி, மிமூனுக்கு நாடு விடைகொடுத்த அன்வலிதின் முன் முடிகிறது. பாதையை வரைந்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, ஒரு நூற்றாண்டின் ஓட்ட வரலாறு முழுவதும் அந்த ஒரே பாதையில் கோக்கப்பட்டிருக்கிறது.

ஆகஸ்டு 10 காலையில் ஆடவர் மாரத்தானை எத்தியோப்பியாவின் தமிராத் தோலா வென்றார். அன்று இரவே அதே பாதை எளிய மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 20,024 பேர் முழுத் தொலைவையும் ஓடப் பதிவு செய்யப்பட்டனர். இன்னும் அத்தனை பேருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றும் ஏற்பாடாகியிருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம். ஒலிம்பிக் வரலாற்றில் வீரர்களின் பாதையில் அதே நாளில் பொதுமக்கள் ஓடியது அதுவே முதல் முறை. மறுநாள் பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன். எத்தியோப்பியாவில் பிறந்து, பதினைந்தாம் வயதில் அகதியாக ஐரோப்பா வந்தவர் அவர். ரொட்டி கேட்டு நடந்த பெண்களின் பாதையில், அடைக்கலம் கேட்டு வந்த ஒரு பெண் முதலாவதாக ஓடிவந்தார்.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? நாமும் நம் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறோம். மதிப்பெண், மருத்துவக் கல்லூரி, வெளிநாட்டு வேலை என்று கோடுகள் வரைந்து, இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக என்று விடாமல் கூவுகிறோம். கூவுவதில் தவறில்லை; திதோன் அடிகளாரும் கூவினார். ஆனால் பின்தங்கிய தம்பிக்காக ஒரு கணம் நின்று பார் என்று எந்தப் பிள்ளையிடமாவது சொல்லியிருக்கிறோமா? தேர்வில் தோற்ற பிள்ளையை நம் அன்பியக் கூட்டத்தில் அருகில் அமர்த்திக்கொள்கிறோமா, அல்லது அந்த வீட்டைத் தவிர்த்துச் செல்கிறோமா? நம்முடைய பங்கிலும் எல் வாஃபிகள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கோவில் கட்டக் கல் சுமந்தவர்கள், பாடற்குழுவில் குரல் தந்தவர்கள், இன்று நோயிலும் முதுமையிலும் எவரும் கதவு தட்டாத வீடுகளில் இருக்கிறார்கள். விழா நாளில் அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

விண்ணகத்தை நோக்கிய நம் பாதையும் சமதளமன்று. ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த மேட்டின் உச்சிதான் தெரியும்; நடுவிலுள்ள பள்ளம் தெரிவதில்லை. அந்தப் பள்ளத்தில் யாரோ ஒருவர் மூச்சுத் திணறி நிற்கக்கூடும். அவரையும் சேர்த்து எண்ணினால்தான் நம் அணியின் கணக்கு நிறைவு பெறும்.